வெளியே அனுப்பாத தண்டனை: வாலா வாலாவின் லிங்கன் பள்ளி

2009–10 கல்வியாண்டில் லிங்கன் உயர்நிலைப் பள்ளி தன் மாணவர்களை இடைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்பிய நாட்களைக் கூட்டினால் 798 வருகிறது. அதே ஆண்டில் 50 நீக்கங்கள். ஆசிரியர்கள் எழுதி அலுவலகத்துக்கு அனுப்பிய ஒழுங்குப் புகார்ச் சீட்டுகள் 600. பள்ளியில் படித்தவர்களோ ஏறக்குறைய 200 பேர்தான். அடுத்த கல்வியாண்டில் இடைநீக்க நாட்கள் 135 ஆயின. நீக்கங்கள் 30, புகார்ச் சீட்டுகள் 320. ஊர் அதே ஊர். தலைமை ஆசிரியரும் அதே ஜிம் ஸ்போர்லெடர்தான்.

இந்தக் கணக்கை 2012ல் பத்திரிகையாளர் ஜேன் எலன் ஸ்டீவன்ஸ் எழுதி வெளியிட்டதும் அமெரிக்கக் கல்வி உலகம் அந்தச் சிறு பள்ளியைத் திரும்பிப் பார்த்தது. 2015ல் ஜேம்ஸ் ரெட்ஃபோர்டு அதைப் பற்றி ‘பேப்பர் டைகர்ஸ்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அது ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ‘மனக்காயம் அறிந்த பள்ளி’ என்ற சொற்றொடர் இன்று அமெரிக்காவில் எங்கு பார்த்தாலும் அடிபடுகிறது என்றால், அதற்கு லிங்கனின் கதையும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்தக் கதை பரவிய வேகத்தில், அதை நடக்கவைத்த செலவுள்ள பகுதி பின்தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். எது பரவியது, எது பரவவில்லை என்று பிரித்துப் பார்க்க, அங்கே நடந்ததைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

வாலா வாலா, வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் ஒரிகான் எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். மக்கள்தொகை முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். சுற்றிலும் கோதுமை. இந்த ஊரின் இனிப்பு வெங்காயம் 2007ல் மாநிலத்தின் அதிகாரபூர்வக் காய்கறி ஆனது. சில பத்தாண்டுகளாகத் திராட்சைத் தோட்டங்களும் ஒயின் தயாரிப்பகங்களும் பெருகி, வாரக்கடைசியில் பணக்காரச் சுற்றுலாப் பயணிகள் வந்து தங்கும் இடமாகவும் மாறியிருக்கிறது. விட்மன் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. வாஷிங்டன் தனி மாநிலம் ஆவதற்கு முன்பே, 1880களில், கட்டப்பட்ட சிறைச்சாலையும் இங்கேதான். மாநிலத்தின் மரண தண்டனைகள் அதற்குள் நிறைவேற்றப்பட்டன. வயல் வேலைக்கு வந்து தங்கிவிட்ட மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் கணிசம். ஒயின் அருந்த வருபவர் பார்க்கும் வாலா வாலாவும், வெங்காயம் பிடுங்குகிறவரின் பிள்ளை பார்க்கும் வாலா வாலாவும் ஒன்றல்ல.

லிங்கன் ஒரு மாற்றுப் பள்ளி. பணம் கட்டிப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் வகை அல்ல. அரசுப் பள்ளி மாவட்டமே நடத்துவது. ஊரின் பெரிய உயர்நிலைப் பள்ளியில் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள், அங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள், சிறார் நீதிமன்றத்தின் வாசலை மிதித்தவர்கள், கைக்குழந்தையோடு படிக்க வருபவர்கள் சேரும் இடம். இத்தகைய பள்ளிகள் அமெரிக்காவில் அரிதல்ல. 2000–01ல் நாடு முழுவதும் எடுத்த அரசுக் கணக்கின்படி ஏறக்குறைய 10,900 மாற்றுப் பள்ளிகளிலும் திட்டங்களிலும் சுமார் 6,12,900 மாணவர்கள் இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் இதற்கு நூறாண்டு வரலாறே உண்டு. அங்கே 1919ல் வந்த சட்டம், வேலைக்குப் போகும் பதின்வயதினர் பகுதிநேரமாகவாவது படிப்பைத் தொடர வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

மாற்றுப் பள்ளிகளை நெடுங்காலம் ஆராய்ந்த மேரி ஆன் ரேவிட் 1994ல் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தார். விரும்பிச் சேர்கிற, பாடமுறையே வேறான பள்ளிகள் முதல் வகை. ‘கடைசி வாய்ப்பு’ என்று சொல்லி அனுப்பிவைக்கும் பள்ளிகள் இரண்டாவது வகை. மாணவரிடம் ஏதோ குறை, சரிசெய்து திருப்பி அனுப்பலாம் என்று நடத்தும் பள்ளிகள் மூன்றாவது. முதல் வகையில் பள்ளியை மாற்றினால் மாணவர் தேறுவார் என்ற நம்பிக்கை இருக்கிறது. மற்ற இரண்டிலும் மாற வேண்டியவர் மாணவர் மட்டுமே. ஸ்போர்லெடர் 2007ல் வந்து சேர்ந்தபோது லிங்கன் இரண்டாவது வகைப் பள்ளி என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ‘உன்னை அங்கே அனுப்பிவிடுவேன்’ என்று மிரட்டுவதற்குப் பயன்படும் பள்ளி அது. வந்தவர் கண்டிப்பானவர். ஆசிரியரைக் கெட்ட வார்த்தையில் திட்டினால் கேள்வியே இல்லாமல் இடைநீக்கம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் இடைநீக்கம் என்ன செய்யும் என்பதை இங்கே விளக்க வேண்டும். நம் பிளஸ் டூ போல ஒரே பொதுத்தேர்வில் முடிகிற படிப்பல்ல அது. ஒவ்வொரு பாடத்தையும் பருவந்தோறும் முடித்து, ‘கிரெடிட்’ சேர்த்து, நான்கு ஆண்டுகளில் குறித்த எண்ணிக்கையைத் தொட்டால்தான் பட்டயம். லிங்கனுக்கு வருகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே கிரெடிட் குறைந்தவர். அவரை மூன்று நாள் வெளியே அனுப்பினால் மூன்று நாள் பாடம் போகிறது, திரும்பி வரும்போது வகுப்பு நகர்ந்திருக்கும், புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பது எரிச்சல், எரிச்சலில் இன்னொரு வார்த்தை, இன்னொரு சீட்டு. பதினாறு வயதில், பட்டயத்துக்கு இன்னும் மூன்று ஆண்டு ஆகும் என்று தெரிந்ததும் பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த மூன்று நாளும் அவர் எங்கே இருந்தார் என்பது இன்னொரு கேள்வி. எந்த வீட்டிலிருந்து தப்பி அவர் பள்ளிக்கு வந்தாரோ, பல சமயம் அதே வீட்டில்தான்.

இந்தப் பழக்கம் லிங்கனின் கண்டுபிடிப்பு அல்ல. 1994ல் மத்திய அரசு, துப்பாக்கியோடு பள்ளிக்கு வரும் மாணவரை ஓராண்டு நீக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. துப்பாக்கிக்குப் பிறந்த அந்த ‘சகிப்பே இல்லை’ என்ற கொள்கை, சில ஆண்டுகளில் எதிர்த்துப் பேசுவதற்கும் தாமதமாக வருவதற்கும் கூடப் பரவிவிட்டது. டெக்சாஸில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு 2011ல் வெளியானபோது கல்வித் துறையினரே திகைத்தார்கள். பத்தில் ஆறு பேர் பள்ளிக் காலத்தில் ஒரு தடவையாவது இடைநீக்கமோ நீக்கமோ பெற்றிருந்தார்கள். அந்தத் தண்டனைகளில் சட்டம் கட்டாயப்படுத்தியவை வெறும் 3 சதவீதம். மீதி எல்லாம் பள்ளி நிர்வாகம் தானாக எடுத்த முடிவு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழுவும் 2008ல் வெளியிட்ட அறிக்கையில், இந்தக் கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பானதற்குச் சான்று இல்லை என்றே சொன்னது.

2010 வசந்தகாலத்தில் ஸ்போர்லெடர் ஸ்போகேன் நகரில் ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே மூலக்கூறு உயிரியலாளர் ஜான் மெடினா, நீடித்த அழுத்தம் வளரும் மூளையை என்ன செய்கிறது என்று பேசினார். ஆபத்தைக் கண்டால் உடல் தயாராவது இயல்பு: இதயம் விரைகிறது, அட்ரினலின் பாய்கிறது, கார்டிசால் ஏறுகிறது, ஆபத்து விலகியதும் எல்லாம் அடங்குகிறது. ஆபத்து வீட்டிலேயே குடியிருந்தால்? குடித்துவிட்டு வரும் அப்பாவின் காலடிச் சத்தத்தை இரவெல்லாம் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளைக்கு அந்த அலாரம் அணைவதே இல்லை. அரவணைக்கப் பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் இப்படி நீளும் அழுத்தத்தைத்தான் ஹார்வர்டின் ஜாக் ஷாங்காஃப் தலைமையிலான அறிவியல் குழு ‘நச்சு அழுத்தம்’ என்று 2005ல் வகைப்படுத்தியது. அச்சத்தைக் கண்காணிக்கும் அமிக்டலா விழிப்பாகவே இருக்கிறது. யோசித்து நிதானிக்கும் முன்மூளைப் புறணிக்கு வேலை செய்ய வழியில்லை. அந்த நிலையில் இருக்கும் பையனிடம் அல்ஜீப்ரா ஏறாது. அவனை நோக்கிக் கத்தினால் அலாரம் இன்னும் பலமாக அடிக்கும், அவ்வளவுதான்.

இந்த அறிவியலுக்குப் பின்னால் இன்னோர் ஆய்வு இருக்கிறது. 1980களில் சான் டியாகோவில் கைசர் பெர்மனெண்ட் மருத்துவக் குழுமத்தில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல்பருமன் சிகிச்சைப் பிரிவை நடத்திவந்தார். எடை குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையை விட்டுப் பாதியில் விலகுவது அவருக்குப் புரியவில்லை. விலகியவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டபோது, பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானதைச் சொன்னார்கள். பிறகு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து அவர் நடத்திய பெரிய ஆய்வின் முதல் கட்டுரை 1998ல் வந்தது. மொத்தத்தில் 17,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். குழந்தைப் பருவத்தின் பத்து வகைப் பாதகங்களை அந்த ஆய்வு எண்ணியது: உடல், மன, பாலியல் வன்முறைகள், உடல், மனப் புறக்கணிப்புகள், வீட்டில் தாய் அடிபடுவது, குடி அல்லது போதை, மனநோய், பெற்றோர் பிரிவு, குடும்பத்தில் ஒருவர் சிறையில் இருப்பது. நான்கு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதையும் அனுபவிக்காதவர்களைப் போல் நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏஸ்’ ஆய்வு என்று பரவலாக அழைக்கப்படுவது இதுதான். பங்கேற்றவர்கள் காப்பீடு பெற்ற, பெரும்பாலும் வெள்ளையரான நடுத்தர வகுப்பினர் என்பதால், ‘இதெல்லாம் ஏழைகளின் பிரச்சினை’ என்று ஒதுக்க முடியவில்லை.

ஸ்போகேனிலிருந்து திரும்பிய ஸ்போர்லெடர், இதை உயர்நிலைப் பள்ளியில் செய்து காட்டியவர் யாராவது உண்டா என்று தேடினார். பின்பற்றத் தோதான மாதிரி கிடைக்கவில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து நடாலி டர்னர் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். ஊரில் டெரி பரிலா தொடங்கியிருந்த குழந்தைகள் மீள்திறன் முன்முயற்சி துணைக்கு நின்றது. பயிற்சியில் ஆசிரியர்கள் பழக வேண்டியிருந்த முதல் பாடம் சொல்ல எளிது, செய்யக் கடினம்: மாணவன் வெடிப்பது உங்கள்மேல் அல்ல, அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதன் பிறகு நடந்த ஒன்றை ஸ்டீவன்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரு மாணவன் ஆசிரியரைக் கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டுத் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்கிறான். கத்தலுக்குத் தயாராக, முகத்தை இறுக்கிக்கொண்டு. ஸ்போர்லெடர் கத்தவில்லை. என்ன ஆயிற்று, நீ இப்படிப் பேசுகிறவன் இல்லையே என்கிறார். ஒன்றிலிருந்து பத்துவரை வைத்தால் உன் கோபம் இப்போது எத்தனையில் இருக்கிறது என்று கேட்கிறார். பையன் தயாராக வந்த சண்டைக்கு எதிராளி இல்லை. இறுக்கம் தளர்ந்து, அப்பாவைப் பற்றிச் சொல்கிறான்: குடிக்கிறவர், வாக்குக் கொடுப்பார், ஒன்றையும் காப்பாற்ற மாட்டார். பேசி முடித்த பிறகு, யாரும் சொல்லாமலே ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது அவனுக்கு.

இந்தக் காட்சியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது, அந்தப் பையனுக்குத் தண்டனையும் கிடைத்தது என்பதை. அவன் பள்ளிக்குள்ளேயே இடைநீக்கம் செய்யப்பட்டான். வகுப்புக்குப் போகக் கூடாது. அதற்கென்று ஓர் அறை. அங்கே ஒரு பெரியவர் இருப்பார். விட்டுப்போன பாடத்தை அங்கேயே உட்கார்ந்து முடிக்கலாம், பேச வேண்டுமென்றால் பேசலாம். பள்ளியை ஒட்டி ஒரு சிறு மருத்துவ மையம் இருந்தது. காய்ச்சலுக்கும் போகலாம், மனநல ஆலோசகரிடமும் போகலாம். பணம் கட்ட வேண்டாம், பேருந்து பிடிக்க வேண்டாம், அப்பாவிடம் சொல்லி அழைத்துப்போகச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கண்டிப்பு தளர்ந்து பள்ளி கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த அறையைக் கவனிக்க வேண்டும். லிங்கனில் தவறுக்கு விளைவு இருந்தது. அந்த விளைவு மாணவரிடமிருந்து பள்ளியைப் பறிக்கவில்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற எண்களுக்கு வருவோம். இடைநீக்க நாட்கள் 798லிருந்து 135 ஆனது சுமார் 83 சதவீத வீழ்ச்சி. செய்தித் தலைப்புகளில் வந்தது இந்தக் கணக்குதான். ஆனால் இடைநீக்கம் என்பது தலைமை ஆசிரியரின் கையெழுத்து. அவர் நாளை முதல் யாரையும் வெளியே அனுப்பப்போவதில்லை என்று தீர்மானித்தால், ஒரு மாணவரும் மாறாமலே அந்த எண் விழுந்துவிடும். பள்ளிக்குள் உட்கார வைத்த நாட்கள் அந்தக் கணக்கில் சேரவும் சேராது. வகுப்பறையில் உண்மையிலேயே என்ன மாறியது என்று அறிய, புகார்ச் சீட்டுகளைப் பார்ப்பது மேல். அவற்றை எழுதுகிறவர்கள் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்கள். அவை 600லிருந்து 320க்கு வந்தன. கிட்டத்தட்ட பாதி. ஆசிரியர்களும் பயிற்சி பெற்றவர்கள், சிலவற்றைச் சீட்டு எழுதாமலே சமாளித்திருப்பார்கள் என்று தள்ளுபடி கொடுத்துப் பார்த்தாலும் ஒரே ஆண்டில் இது பெரிய மாற்றம்தான். நீக்கங்கள் மட்டும் 50லிருந்து 30க்குத்தான் குறைந்தன. 200 பேர் படிக்கும் பள்ளியில் 30 நீக்கம் என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல. புதிய முறையின் முதல் ஆண்டிலும் அந்தக் கட்டடத்தால் தாங்க முடியாதவை நடந்துகொண்டிருந்தன என்பதை இந்த எண் சொல்கிறது. லிங்கனை அற்புதமாகக் கொண்டாடும் கட்டுரைகளில் இந்த 30 பேரைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. அங்கே உழைத்தவர்கள் அனுபவித்த சிரமத்தை மறைத்துவிடுவதால், அந்தக் கொண்டாட்டம் அவர்களுக்கே நியாயம் செய்வதில்லை.

2009 முதல் 2013 வரையான லிங்கன் மாணவர்களை வைத்து டாரியோ லாங்கியும் பரிலாவும் 2015ல் ஓர் ஆய்வறிக்கை தந்தார்கள். ஏஸ் அளவு மிக அதிகமான மாணவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களில் மீள்திறன் உயர்ந்தவர்களுக்கு, அதாவது ஆதரவான உறவு, சிக்கலைத் தீர்க்கும் தெம்பு, எதிர்காலத்தில் நம்பிக்கை ஆகியவை கூடியவர்களுக்கு, மதிப்பெண்ணும் வருகையும் மேம்பட்டன. இது ஊக்கமளிக்கும் முடிவு. ஆனால் ஒரே பள்ளியின் கணக்கு. மீள்திறன் வந்ததால் படிப்பு வந்ததா, படிப்பு வந்ததால் நம்பிக்கை வந்ததா என்று இதைக் கொண்டு பிரிக்க இயலாது.

லிங்கனைப் பார்த்துப் பிற பள்ளிகள் எடுத்துக்கொண்டவற்றில் மிக வேகமாகப் பரவியது ஏஸ் மதிப்பெண். பத்துக் கேள்வி, பத்துக்கு இத்தனை என்று ஒரு விடை. நிர்வாகிகளுக்கு எண்ணைப் போல வசதியானது வேறில்லை. பிள்ளைக்கு ஆறு, அதனால் ஆபத்து என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். இது தவறு என்று உரத்துச் சொன்னவர்களில் ஒருவர், அந்த ஆய்வை நடத்திய ஆண்டாவேதான். 2020ல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, மக்கள்தொகையை ஆராய உருவாக்கிய அளவுகோலைத் தனிமனிதரைக் கணிக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது. ஒரு தடவை நடந்ததும் பத்தாண்டு நடந்ததும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். எந்த வயதில், எவ்வளவு கொடுமையாக என்பதற்கு இடமில்லை. அடுத்த ஆண்டு ஜெசிகா பால்ட்வின் குழுவினர் நியூசிலாந்து, பிரிட்டன் தரவுகளை வைத்து இதையே காட்டினார்கள்: கூட்டத்தின் சராசரியைச் சொல்வதற்கு அந்த மதிப்பெண் உதவும், ஒரு குறிப்பிட்ட பிள்ளை என்ன ஆவான் என்று சொல்ல உதவாது.

இன்னொரு குறையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதில் உள்ளவை எல்லாம் வீட்டுக்குள் நடப்பவை. வறுமை இல்லை, நிறவெறி இல்லை, தெருவில் சுடும் சத்தம் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் 2013ல் ஏறக்குறைய 1,800 பேரிடம் நடத்திய ஆய்வு, பாகுபாடு, அக்கம்பக்கத்து வன்முறை, பள்ளியில் சீண்டல், வளர்ப்பு இல்லத்தில் இருந்தது போன்றவற்றைச் சேர்த்துக் கேட்டது அதனால்தான். குடும்பத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பட்டியலை வைத்துக்கொண்டு, வெங்காய வயலில் பருவக் கூலிக்குப் போகும் தாயின் வீட்டை அளப்பது எனக்கு உறுத்துகிறது. வாடகை கட்ட முடியாமல் வருடத்துக்கு மூன்று வீடு மாறும் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் சுழியம் வரக்கூடும்.

மனக்காயம் அறிந்த பள்ளி முறை பலன் தருகிறதா என்று கேம்பல் அமைப்புக்காக பிராண்டி மேனார்டும் சகாக்களும் 2019ல் முறைப்படி ஆராய்ந்தார்கள். ஆயிரக்கணக்கான தலைப்புகளைச் சலித்த பின், ஒப்பீட்டுக் குழுவோடு முறையாக நடத்திய ஆய்வு என்று அவர்களின் நிபந்தனைக்குள் வந்தது ஒன்றுகூட இல்லை. பலன் இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. யாரும் சரியாகச் சோதிக்கவில்லை என்று பொருள். அதற்குள் பல மாநிலங்களில் பயிற்சிகள் நடந்துவிட்டன, சான்றிதழ்கள் கொடுத்தாகிவிட்டது.

ஆனால் லிங்கனில் இருந்த இன்னொரு கூறுக்கு வலுவான சான்று உண்டு. அது அந்தப் பள்ளியின் அளவு. 200 பேர் படிக்கும் இடத்தில் ஒருவன் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டு வந்தால் யாராவது கவனிப்பார்கள். கெட்ட வார்த்தை பேசிய பையனிடம் ‘நீ இப்படிப் பேசுகிறவன் இல்லையே’ என்று ஸ்போர்லெடர் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவன் எப்படிப் பேசுகிறவன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததுதான். 1,800 பேர் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் பிள்ளை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவான். கேரி வெலேஜும் சகாக்களும் இடைநிற்றலைத் தடுக்க முயன்ற 14 பள்ளிகளுக்குப் போய் இருந்து பார்த்து 1989ல் எழுதியதும் இதைத்தான்: மாணவர் தங்கிப் படிப்பதற்குப் பாடத்திட்டத்தைவிட, தன்னை ஒரு பெரியவர் அறிந்திருக்கிறார் என்ற உறுதி முன்னே நிற்கிறது.

இதற்குக் கூர்மையான சோதனை நியூயார்க்கில் தற்செயலாகவே அமைந்தது. 2002க்குப் பிறகு அந்நகரம், பட்டயம் பெறுவோர் விகிதம் மிகக் குறைவாக இருந்த பல பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடி, வகுப்புக்குச் சுமார் நூறு பேர் கொண்ட சிறு பள்ளிகளை நூற்றுக்கும் மேலாகத் திறந்தது. மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பள்ளிகள் அல்ல. விண்ணப்பித்தவர் அதிகமானபோது குலுக்கலில் இடம் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால், இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்தவர்கள். ஆய்வாளர்களுக்கு வேண்டிய ஒப்பீட்டுக் குழு கையில் கிடைத்துவிட்டது. எம்.டி.ஆர்.சி. நிறுவனம் அவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தது. சிறு பள்ளியில் சேர்ந்தவர்கள் நான்காண்டில் பட்டயம் பெறும் விகிதம் சுமார் 9 சதவீதப் புள்ளிகள் கூடுதல். ஏழைப் பிள்ளைகள், கறுப்பின மாணவர்கள், எட்டாம் வகுப்பில் பின்தங்கி இருந்தவர்கள் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும் உயர்வு தெரிந்தது. ஆசிரியர்களிடம் காரணம் கேட்டபோது, படிப்பில் எதிர்பார்ப்பைத் தளர்த்தாதது, மாணவரோடு நெருங்கிய உறவு, ஆசிரியர்களின் தரம் ஆகியவற்றைச் சொன்னார்கள்.

நியூயார்க்கின் சிறு பள்ளிகள் லிங்கனைப் போன்றவை அல்ல; அங்கே சேர்ந்தவர்கள் விரும்பி விண்ணப்பித்தவர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கியவர்கள். லிங்கனுக்கு வருகிறவர் வேறு எங்கோ தோற்று, பாதி வழியில் வருகிறார். ஆகவே அந்த 9 புள்ளிகளை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. என்றாலும் அளவு ஒரு பொருட்டல்ல, பயிற்சி போதும் என்று வாதிடுகிறவர்களுக்கு இந்தச் சான்று எதிராகவே நிற்கிறது.

பயிற்சிக்கு ஒரு நாள் போதும். ஆவணப்படத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சிறு பள்ளிக்கோ ஒவ்வோர் ஆண்டும் சம்பளம் கொடுக்க வேண்டும்: உள்ளேயே இருத்தும் அறையில் உட்காருகிறவருக்கு, ஆலோசகருக்கு, மருத்துவ மையத்தின் செவிலியருக்கு, குறைந்த மாணவர்களுக்கு அதிக ஆசிரியர்களுக்கு. 2013ல் வாஷிங்டன் மாநிலம் காலவரையறை இல்லாத இடைநீக்கங்களையும் நீக்கங்களையும் சட்டத்தால் நிறுத்தியது, நல்ல சட்டம். ஆனால் வெளியே அனுப்பக் கூடாது என்று சொன்ன பிறகு, உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் தராமல் தடை மட்டும் வரும் பள்ளிகளில் ஆசிரியர்கள் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு பையன் நாற்காலியைத் தூக்கி எறிகிறான். மற்ற இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவனை அழைத்துப்போக ஓர் அறையும் இல்லை, ஒரு மனிதரும் இல்லை. அந்த ஆசிரியரிடம் போய் அமிக்டலாவைப் பற்றி இன்னொரு வகுப்பு எடுப்பது கொடுமை. இந்த முறை தோற்றுவிட்டது, பழைய கண்டிப்பே மேல் என்ற குரல் இப்போது பல ஊர்களில் கேட்பதற்கு ஒரு காரணம் இந்த அரைகுறைதான்.

ஸ்போர்லெடர் 2014ல் ஓய்வுபெற்று, ஹெதர் ஃபோர்ப்ஸுடன் சேர்ந்து மற்றப் பள்ளிகளுக்கான கையேடு ஒன்றை எழுதினார். அதை வாங்கும் பள்ளி மாவட்டங்கள் கூடவே செலவுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு வழி எம்.டி.ஆர்.சி.யின் ஆய்விலேயே இருக்கிறது. அவர்கள் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்பதோடு நிற்காமல், பட்டயம் பெற்று வெளியேறிய ஒருவருக்கு மொத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அப்படிப் பார்த்தால் சிறு பள்ளிகளின் செலவு, ஒப்பீட்டுக் குழுவினர் படித்த பள்ளிகளைவிட 14 முதல் 16 சதவீதம் குறைவாக இருந்தது. முக்கியக் காரணங்கள் இரண்டு: பட்டயம் பெற்றவர்கள் அதிகம், ஐந்தாவது ஆண்டும் உட்கார்ந்து படிக்க நேர்ந்தவர்கள் குறைவு. லிங்கனைப் போன்ற பள்ளிகளுக்கு இந்தக் கணக்கைப் போடத் தேவையான விவரம், கிரெடிட் பதிவேடுகளாக ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த பயிற்சிப் பட்டறைக்குப் பணம் ஒதுக்கும் முன் அதை எடுத்துக் கூட்டிப் பார்த்து, பட்டறைக்கான தொகையை முதலில் ஒரு முழுநேர ஆலோசகரின் சம்பளமாகவும், ஓர் அறையின் பொறுப்பாளர் சம்பளமாகவும் ஒதுக்கலாம்.